தாய்மாமன் மணையில் வைத்த கத்தி

தம்பி,

இன்று வெள்ளிக்கிழமை. உன் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். விரலில் இருந்த தேங்காயெண்ணெய் காகிதத்தில் பட்டு ஓரத்தில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது. வேறு காகிதம் எடுக்கவில்லை. நீ படிக்கப்போவதில்லை. ஆனாலும் உனக்கு எழுதினால் பிள்ளைகள் சமாசாரத்தை முதலில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதையே எழுதுகிறேன்.

பெரியவனின் மூத்த மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். வல்லத்திராக்கோட்டையில் அந்தப் பரீட்சை தேறியவர்களில் இவன் மூன்றாவது ஆள். முந்தின இரண்டு பேரும் நம் சொந்தம் இல்லை. புதுக்கோட்டைக் காலேஜில் சேர்ந்திருக்கிறான், செருப்புப் போட்டுக்கொண்டு போகிறான். அவன் தங்கச்சி எட்டாம் வகுப்பு. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவள்தான். தாலுகா கச்சேரியில் அவள் எழுத்தைப் பார்த்துவிட்டு எந்த வக்கீல் குமாஸ்தா எழுதியது என்று கேட்டார்களாம். சின்னவன் மகன் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு அலுமினியத் தூக்கு வாங்கி வந்தான். அதில் சோறு வைக்க விடமாட்டேன் என்கிறான், பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். செல்லத்தின் மகள் நாலு வயதிலேயே நூறு வரைக்கும் எண்ணுகிறாள். அறுபதுக்குப் பிறகு கொஞ்சம் தாவுவாள், அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இதற்கு அடுத்த வரியில் 'கத்தி சௌக்கியம்' என்று எழுதுவேன். இப்போதும் சௌக்கியம்தான்.

அதைத் திருமயத்தில் வாங்கிய நாள் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. தேர் பார்க்க வந்தவர்கள் நாம். கோட்டைக்குக் கீழே இருந்த ஆசாரி பட்டறைக்கு நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். சந்தையில் சட்டி வாங்கினால்கூட நான் தட்டிப் பார்க்காமல் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவரிடம் பீற்றிக்கொண்டாய். ஆசாரி மூன்று மடக்குக் கத்திகளை ஒரு சாக்கின் மேல் வைத்தார். ஒன்றில் பித்தளைப் பூ பதித்திருந்தது. ஒன்று முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. மூன்றாவது மங்கலாக, மழைத் தண்ணீர் ஓடிக் காய்ந்த மணல் மாதிரி அலகு முழுக்க வரிவரியாக இருந்தது. அவர் பாட்டன் காலத்து முறிந்த வாள் ஒன்றின் துண்டாம் அது. பழைய உருக்கு. அந்த வரி தீட்டியதும் அல்ல, செதுக்கியதும் அல்ல, இரும்பின் உடம்பிலேயே ஓடுவது என்றார்.

நீ பித்தளைப் பூவைத்தான் எடுத்தாய். நான் மூன்றையும் விரித்து நகத்தால் தட்டிப் பார்த்தேன்.

"ஆத்தா, இது கத்தி. மண்சட்டி இல்ல," என்றார் ஆசாரி.

"விரிசல் விட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும்," என்றேன்.

அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மடக்கி வெயிலுக்கு நேரே பிடித்தால் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. விரித்து அசைத்தால் ஆணி ஆடக் கூடாது. முதுகில் இருக்கிற வில் வயது முதிர்ந்த மாமியார் மாதிரி இறுக்கமாகவும் இருக்க வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அலகின் மேல் வாயால் ஊதினால் படிகிற ஆவி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல மறைய வேண்டும். பித்தளைப் பூவுக்கு ஆணி ஆடியது. பளபளப்பு ஊதியபோது திட்டுத் திட்டாக மறைந்தது. வரிக்கத்தி எல்லாவற்றுக்கும் நின்றது. எருமைக் கொம்புப் பிடி, உன் உள்ளங்கைக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தது. பார்க்க அழுக்காக இருக்கிறதே அக்கா என்று முனகிக்கொண்டேதான் வாங்கினாய். ஊருக்கு வந்து சேர்வதற்குள் வண்டியில் இருந்தவர்களிடமெல்லாம் இது வாள் இரும்பு என்று சொல்லி முடித்திருந்தாய்.

நீ மலாயாவுக்குப் புறப்பட்டபோது செல்லத்துக்குப் பதினொரு வயது. இரண்டு வருசமாக மழை இல்லை, தோட்டத்துக் கடையில் கணக்கு எழுத ஆள் கேட்டு வந்த கடிதாசியை நீ விடவில்லை. மீனாட்சியைக் கட்டி மூன்று வருசம்தான் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. நான் உன்னிடம் கேட்டது ஒன்றுதான். செல்லம் பெரியமனுசியாகி உட்கார்ந்தால் ஓலைக் குச்சு கட்டத் தாய்மாமன் வேண்டும், அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டும், எனக்கு இருப்பது நீ ஒரே ஒரு தம்பி, நான் யாரைக் கூப்பிடுவேன் என்று கேட்டேன். நீ மடியிலிருந்து கத்தியை எடுத்தாய். கையில் கொடுக்கக் கூடாது என்று தரையில் வைத்தாய். நான் குனிந்து எடுத்தேன்.

"நான் வரமுடியாத காரியத்துக்கு இத மணையில வையி அக்கா. மாப்பிள்ள வராத ஜமீன் கல்யாணத்துல வாளே மாப்பிள்ளையா நிக்கிறப்ப, தாய்மாமனுக்கு இது நிக்காதா."

நீ விளையாட்டுக்குச் சொன்னாயா, நிசமாகச் சொன்னாயா என்று அப்போதும் தெரியவில்லை. நான் நிசமாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருசத்தில் செல்லம் உட்கார்ந்தாள். குச்சு கட்டுகிற பச்சை ஓலையில் முதல் ஓலையை உன் கத்தியால் கீறிய பிறகுதான் மற்றவர்களைக் கைவைக்கவிட்டேன். மணைமேல் வேட்டி விரித்துக் கத்தியை விரித்து வைத்தோம். பந்தி போடும்போது உன் பங்காளிகளில் ஒருவர், மாமனுக்கும் இலை போடுங்கப்பா, கூர்மையான ஆளு, ஒரு பிடிச் சோறு போதும் என்றார். பந்தியே சிரித்தது. மீனாட்சி மட்டும் நிசமாகவே ஒரு இலையை மணைக்கு முன்னால் போட்டுப் பரிமாறிவிட்டு உள்ளே போனாள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள். வரியைக் காட்டி, இது வாள் இரும்பு என்று சொன்ன பிறகு, கிழவர் ஒருவர் எழுந்து கத்திக்குச் சந்தனம் பூசினார். நம் வீட்டில் நடந்த நல்ல காரியம் எதிலும் தாய்மாமன் இல்லை என்ற பேச்சு வரவில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

அந்தச் சந்தனத்தால்தான் முதல் தடவை துரு பிடித்தது. ஆணிக்குள் ஈரம் இறங்கி ஒரு கடுகளவு செம்புள்ளி. திருமயத்துக்கு ஓடினேன். ஆசாரி அதை எடுத்துவிட்டுப் பராமரிப்பைச் சொல்லி அனுப்பினார். சந்தனம், குங்குமம் எல்லாம் பிடியோடு சரி, அலகில் படக் கூடாது. எலுமிச்சங்காய், மாங்காய் அரிந்தால் அந்த நிமிசமே துடைத்துவிட வேண்டும். மடிப்புக்குள் சேரும் தூசியை வேப்பங்குச்சியின் நுனியைச் சப்பித் துடைப்பம்போல் ஆக்கி எடுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்சம் காட்டி, ஆணியில் ஒரு சொட்டு, அலகில் விரல் ஈரமாகிற அளவு எண்ணெய். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்து ஆணியைப் பிடித்துக்கொள்ளும், அந்த மாதம் மட்டும் கிராம்புத் தைலம். தோலுறையில் போட்டு வைக்காதே, தோல் வேர்க்கும். சாம்பல், செங்கல் பொடி, புளி, இது மூன்றும் கிட்டவே வரக் கூடாது. இவ்வளவையும் நான் ஒரு வெள்ளிகூடத் தவறவிட்டதில்லை. உனக்கு எழுதவும் தவறியதில்லை.

நீயும் கடிதாசியில் கத்தியைத்தான் முதலில் விசாரிப்பாய். வரி மங்காமல் இருக்கிறதா, வில் தளர்ந்ததா என்று. அந்தக் கடிதாசியை நான்தான் சத்தமாகப் படிப்பேன், ஐந்தாம் வகுப்பு வரை போனவள் நம் இரண்டு வீட்டுப் பெண்களில் நான் ஒருத்திதானே. மீனாட்சி கதவோரம் நின்று கேட்பாள். ஒரு தடவை அவள் என்னிடம், எனக்கு ஒரு வரி, கத்திக்கு நாலு வரி, அடுத்த பிறவியில நான் இரும்பாப் பொறக்கணும் மதினி என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை உனக்கு எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்றார்கள். தபால் நின்றது. முதல் வருசம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தோம். இரண்டாம் வருசம் ஆடி மாதத்தில் மீனாட்சி ஒரு கனவு கண்டாள். நீ வாசலில் நிற்கிறாயாம், உதடெல்லாம் வெடித்து. தண்ணீர் கேட்கிறாயாம். அவள் செம்பு தேடுகிறாளாம், கிடைக்கவில்லை. விடிந்ததும் என்னிடம் வந்து சொன்னாள். பசியோடு படுத்தால் அப்படித்தான் வரும் என்று நான் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதே வருசம் புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூசை. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். மூத்த மருமகள் வீட்டில் இருந்த இரும்பையெல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்திருக்கிறாள். அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மணை எல்லாம். என் பெட்டியைத் திறந்து உன் கத்தியையும் எடுத்திருக்கிறாள். நல்லெண்ணம்தான். தாய்மாமன் மரியாதை அது, பூசையில் கறையோடு வைக்கலாமா என்று.

"அயித்தை, இந்தக் கறை போவே மாட்டேன்னுச்சு. செங்கப் பொடிய வச்சு மத்தியானம் பூரா தேச்சேன். இப்பப் பாருங்க."

பார்த்தேன். அலகு வெறும் தகடாக இருந்தது. ஒரு வரி இல்லை. அவள் விரல் நுனியெல்லாம் தேய்ந்து சிவந்திருந்தது, அதனால் அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. மீனாட்சி வந்து கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூசைக்கு வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றேதான், வரி போனது ஆளுக்கு ஆகாது என்று.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் ஏறித் திருமயம் போனேன். ஆசாரிக்குக் கண் மங்கியிருந்தது, தடவிப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிட்டார். வழவழப்பான கல்லில் எண்ணெய் விட்டு வெகுநேரம் இழைத்தார். நாட்டுமருந்துக் கடையில் பச்சைக் கட்டியாக விற்கிற அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சால் அலகில் ஒற்றினார். நான் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு சாம்பல் நிறம் வந்தது. பிறகு முனையிலிருந்து ஒவ்வொரு வரியாக எழுந்தது. முன்னைவிடத் தெளிவாக எழுந்தது.

"மேல இருக்குறதுதான் ஆத்தா தேயும். உள்ள ஓடுறது எங்கிட்டுப் போகும்," என்றார்.

அவர் இரும்பைப் பற்றிச் சொன்னார். நான் உன்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் என் தம்பி மலாயாவில் சௌக்கியமாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்கவே இல்லை.

அந்த வாரத்தில் மீனாட்சி என்னிடம் வந்தாள். கனவு மறுபடியும் வந்ததாம். அவள் அப்பாவும் கூட வந்திருந்தார். உயிரோடு வந்தால் வரட்டும், ஒரு அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடலாம், மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் கத்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன்.

"இந்த வரியப் பாத்துட்டுப் பேசுங்க. உசுரோட இருக்கவனுக்கு எள்ளுத் தண்ணி எறச்சா அது அவன் ஆயுசக் குறைக்கும். எறைக்கணும்னா நான் செத்த பெறகு எறைங்க."

அவர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து மூன்று வருசம் மீனாட்சி பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள். அவளுக்கு எங்கிட்டு இருந்து இவ்வளவு அலங்காரம் என்று கிணற்றடியில் பேசியவர்களும் இருந்தார்கள். நான் அவர்களிடம் சண்டைக்குப் போனேன். ஒவ்வொரு வெள்ளியும் எண்ணெய் போட்டு, வரி தெரிகிறது, தம்பிக்கு ஒன்றும் இல்லை என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

சண்டை முடிந்து கப்பல் விட்ட பிறகு, விராலிமலைப் பக்கத்து ஆள் ஒருவர் நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். உன்னோடு ஒரே தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பிடித்துக்கொண்டு போனார்களாம். அவர் கால் இரண்டும் புண்ணாகிக் காய்ந்திருந்தது. சோறு போட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னார். வாந்தியும் பேதியும். காலையில் கண்டது, சாயங்காலம் முடிந்துவிட்டது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாயாம். காய்ச்சின தண்ணீர் இல்லை, ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் அடி. மூங்கிலை அடுக்கி மற்றவர்களோடு வைத்து எரித்தார்களாம். என்ன மாதம் என்று மீனாட்சி கேட்டாள். ஆடிதான், நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் நாள் குறிச்சுக்கிட்டே வந்தான் தாயி என்றார். எந்த வருசத்து ஆடி என்றும் சொன்னார்.

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. ஆசாரி பட்டறையில் வரி எழுந்து வந்த அன்றைக்கு நீ போய் மூன்று மாதம்.

எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. மீனாட்சிக்கும் வரவில்லை. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தபோது, மெதுவாகச் சொன்னாள்.

"மூணு வருசம் தாகமா இருந்திருப்பாக மதினி."

அவ்வளவுதான்.

கருமாதி முறைப்படி நடந்தது. என் பெரியவன்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் நான் கத்தியைக் கொண்டுபோய் மீனாட்சிக்கு முன்னால் தரையில் வைத்தேன். அது அவளுக்குச் சேர வேண்டியது. அவள் எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் அதைச் சுற்றி வீட்டைக் கூட்டினாள். அப்படியே கூட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கடைசியில் நானே குனிந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதனால் அது என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் கை தானாகப் பெட்டியைத் திறக்கிறது. குச்சியைச் சப்புகிறேன், மடிப்பைத் துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன். வரி நன்றாகவே இருக்கிறது. அதைப் பார்த்தால் முன்பு சந்தோசம் வரும். பிறகு கோபம் வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். சின்னவன் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய தாய்மாமன் ஊரில்தான் இருக்கிறான், அவனே மடியில் வைத்துக்கொள்வான். கத்தியை வைக்க வேண்டிய மணை இந்த வீட்டில் இனி இல்லை.

என்னிடம் தங்கிப்போன பழக்கம் ஒன்று உண்டு. எங்கே தண்ணீர் குடித்தாலும் முதலில் தரையில் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன். ஏன் அப்பத்தா சிந்துகிறாய் என்று பேத்தி கேட்டாள். கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டேன். மூன்று வருசத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் விடுகிறேன்.

நேற்று மீனாட்சி வந்திருந்தாள். நீ போன முதல் வருசம் அனுப்பினாயே, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம், அதைக் கண்ணாடி போட்டு அவளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். வேண்டாம் என்றாள்.

"அது கப்பலேறுன மனுசன். கடைசியில தாகத்தோட இருந்த மொகம் எனக்குத் தெரியாதே மதினி. முடி நரைச்சிருந்துச்சான்னுகூடத் தெரியாது."

எனக்கும் தெரியாது. ஒவ்வொரு கடிதாசியையும் முடிக்கும்போது நான் கேட்பதை இப்போதும் கேட்கிறேன், வேறு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. புதிதாக ஒரு போட்டோ பிடித்துத் தபாலில் போடு தம்பி. மீனாட்சி பேருக்கே போடு.